மாரி வருத்தம்

கார் ஓட்டப் பழக்குவதுதான் என் தொழில். மன்னார் நகரத்தில் பதினேழு வருடங்களாக இதைச் செய்கிறேன். காரில் நான் இருக்கும் பக்கத்திலும் ஒரு பிறேக் பூட்டியிருக்கிறது, ஆனால் அதை மிதிக்கும் தேவை எனக்கு அதிகம் வருவதில்லை. என் வாயே போதும். "நில்லுங்கோ!" என்று நான் கத்தினால் எங்கள் காரோடு முன்னால் போகும் ஆட்டோவும் நிற்கும். என்னிடம் பழகியவர்கள் இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால், காரில் இல்லாமலே இடமும் வலமும் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு கார்த்திகை மாதம் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குப் பழக வந்தவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை. அது அவருக்கு ஐந்தாவது வகுப்பு. வானம் விடிந்ததிலிருந்தே கறுத்துப்போய்க் கிடந்தது. நகரத்திலிருந்து தலைமன்னார் வீதியில் கொஞ்சத் தூரம் போய், எருக்கலம்பிட்டிச் சந்தியோடு காரைத் திருப்பிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். சந்தி வந்தது. நான் "திருப்புங்கோ" என்று சொல்லவில்லை. அவர் சொல்வழி கேட்கிற மனிசி, சொல்லாததைச் செய்ய மாட்டார். நேரே விட்டார். பேசாலை வந்தது, போனது. மழை பிடித்தது. அவரே துடைப்பானைப் போட்டார். நான் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னார்த் தீவின் முனையில், தலைமன்னாரில், வீதி முடிந்து கடல் தெரிந்தபோதுதான் அவர் காரை நிறுத்தினார்.

"மாஸ்டர், இதுக்கு அங்கால கடல். இனி என்ன செய்யிற?"

"உங்கட விருப்பம்" என்றேன்.

அவர் கியரை எடுத்து, கைப்பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தினார். பதினேழு வருடத்தில் அந்த ஒழுங்கை எவரும் அவ்வளவு திருத்தமாகச் செய்து நான் பார்க்கவில்லை. பிறகு மழையில் இறங்கி, கார்க் கதவில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து அழைத்தார். அது என் மனைவியின் நம்பர். வகுப்புப் பதிவெல்லாம் அவள்தான்.

"அக்கா, பயப்படாதீங்க. மாஸ்டர் நல்லாத்தான் இருக்கார். ஆனா ஆள் இல்ல."

இதைவிடச் சரியாக என் நிலைமையைப் பிறகு எந்த டொக்டரும் சொல்லவில்லை. அவரே காரைத் திருப்பி, முப்பது கிலோமீற்றர் ஓட்டி, என்னைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்.

இது அந்த வருடம் திடீரென்று வந்ததல்ல. நாலைந்து வருடமாக ஐப்பசி பிறந்தால் எனக்கு ஏதோ நடக்கத் தொடங்கியிருந்தது. காலையில் கண் திறக்கும், உடம்பு வராது. தேத்தண்ணீர் சுடுதண்ணீர் மாதிரி இருக்கும். சேர்ட்டின் மூன்றாவது பொத்தானோடு களைத்துப்போய்க் கட்டிலில் இருந்துவிடுவேன். இதைக் கவலை என்று சொல்ல முடியாது. கவலை என்றால் அழலாம். அழுவதற்கும் ஒரு உசார் வேண்டும், அது என்னிடம் இல்லை. தை மாதம் பாதி கழிந்தபிறகு ஏதோ ஒரு காலையில் தேத்தண்ணீர் மறுபடி இனிக்கும், நானும் மறுபடி கத்தத் தொடங்குவேன்.

வருடத்தில் முக்கால்வாசி நாளும் வெயிலில் வறுபடுகிற இடம் இது. மழை வந்தால் இங்கே எல்லோருக்கும் கொண்டாட்டம். ஆடுகள் கொழுக்கும். என் மனைவி வீட்டிலுள்ள வாளி, சட்டி, பேசின் எல்லாவற்றையும் தாழ்வாரத்தின் கீழ் வரிசையாக வைப்பாள். நான் ஒருவன் மட்டும் முகில் கூடுவதை, வழக்குக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தவனைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் எல்லோரிடமும் ஒவ்வொரு வைத்தியம் இருந்தது. மனைவி அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நேர்ந்தாள். நானும் போய் முழங்காலில் நின்றேன், எழும்பத்தான் மனம் வரவில்லை. அவளுடைய தம்பி பேசாலையில் படகு வைத்திருக்கிறான். அவன் கள்ளுப் போத்தலோடு வந்தான். குடித்தேன். களைப்போடு தலையிடியும் சேர்ந்தது.

"அத்தான், மாரியிலை நாங்களும்தான் கடலுக்குப் போகாமல் சும்மா இருக்கிறம். நாங்கள் என்ன, முகட்டைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறம்? வலையைப் பின்னுறம், காட்ஸ் அடிக்கிறம். நீங்களும் வந்து ஒரு கை போடுங்கோ."

போனேன். என் கையிலிருந்த சீட்டையெல்லாம் ஒரேயடியாகக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே வெல்லுங்கோ" என்றேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

தலைமன்னார்ச் சம்பவத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என் மனைவி என்னை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "பிரஷர் பார்க்கப் போறம்" என்றுதான் வெளிக்கிட்டோம். பலகையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு நான் அவளைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

டொக்டரின் அறைக்கு வெளியே கிடந்த வாங்கிலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். கேட்டால் ஒருவர்கூட வருத்தக்காரர் இல்லை. ஒருவர் துணைக்கு வந்தவர், துணை வேண்டியவரைத்தான் காணவில்லை. ஒரு பெண் மழைக்கு ஒதுங்கியிருந்தார், அப்போது மழை பெய்யவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் வங்காலைக்காரர், உழவு இயந்திரம் வைத்திருப்பவர், முன்பே முகப்பழக்கம் உண்டு.

"தெரிஞ்ச நேர்ஸ் ஒராளைப் பார்க்க வந்தனான். மாஸ்டர் என்ன இந்தப் பக்கம்?"

"அம்புலன்ஸ் ட்ரைவருக்கு ஒரு சின்ன விசயம் சொல்லிக் குடுக்க வந்தனான்."

"ஓம் ஓம், அதுகும் வேணும்தானே."

அந்தநேரம் பார்த்து நேர்ஸ் எங்கள் இரண்டு பேருடைய நம்பரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டார். எழும்பினோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. இன்றைக்கு நாங்கள் நல்ல சிநேகிதர்.

டொக்டர் தெற்கிலிருந்து வந்த இளம் பிள்ளை, சிங்களவர். தமிழை வகுப்புக்குப் போய், புத்தகம் வைத்துப் படித்தவர். அதனால் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலக் கதைத்தார்.

"ஐயா, தங்கள் உள்ளம் எவ்வாறு உள்ளது?"

என் உள்ளத்தைப் பற்றி அதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. அதுவும் இவ்வளவு சுத்தமான தமிழில். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. "நன்றாக இல்லை, டொக்டர்" என்றேன். பக்கத்தில் மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

நித்திரை, பசி, வேலை எல்லாம் கேட்டார். எந்த மாதம் தொடங்குகிறது, எந்த மாதம் விடுகிறது என்று கேட்டு எழுதினார். பிறகு அதே செய்தி வாசிக்கும் குரலில், ஆனால் மெதுவாக, "இறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதுண்டா?" என்றார்.

மனைவியின் கை என் சேர்ட் விளிம்பைப் பிடித்தது. எனக்குச் சுத்தத் தமிழ் விட்டுப்போனது.

"சாகவேணும் எண்டு இல்லை. ஆனா சில விடியலிலை, எழும்பாமலே விட்டால் நல்லம் எண்டு நினைச்சிருக்கிறன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இதைச் சொன்னதற்கு நன்றி ஐயா. அந்த எண்ணம் இனி வந்தால் அன்றைக்கே வாருங்கள். செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்."

வருத்தத்தின் பெயரையும் சொன்னார். பருவகால மனச்சோர்வு. நான் விடவில்லை. "உது பனி கொட்டுற நாட்டுச் சனத்துக்கு வாறதெல்லோ டொக்டர்? மன்னாரிலை என்னெண்டு வரும்?"

"அங்கே அதிகம் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு மட்டும்தான் என்று ஒருவரும் எழுதி ஒட்டி வைக்கவில்லையே" என்றார்.

ஒரு குளிசை தந்தார். தினமும் காலையில் ஒன்று. குணம் தெரிய இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு கிழமைகூட ஆகலாம், தானாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். வீட்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். கார் சந்தையைத் தாண்டும்போதுதான் பார்த்தேன், மனைவி சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். என் பங்கையும் சேர்த்து அழுகிறாள் போலிருந்தது. நான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்று ஊருக்கே படிப்பிக்கிறவன் நான்.

நான்கு கிழமை என்று டொக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. முதல் குளிசை போட்ட அன்று பின்னேரமே அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சிரிப்பு வருதோ?"

"இல்லை."

"கொஞ்சங்கூட?"

மூன்றாம் நாள் வாய் காய்ந்தது, வயிறு பிரட்டியது. நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கே கொட்டாவி. இவை போகப்போகக் குறையும் என்று டொக்டர் சொல்லியிருந்தார், குறையத்தான் செய்தன. ஆனால் முதல் கிழமையில், இருந்த வருத்தத்தோடு புது வருத்தத்தையும் கேட்டு வாங்கி வந்தவன் என்றே என்னை நினைத்தேன். குளிசையைப் பால்மா ரின்னுக்குள் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் மறைத்துவைத்தாள் மனைவி. சேலைக்குள் பால்மா ரின் ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள்.

குளிசையோடு, கிழமைக்கு ஒரு தடவை உளவளத்துணையாளரோடு கதைக்கவும் வேண்டும் என்பது டொக்டரின் உத்தரவு. அந்த அறைக் கதவைத் திறந்தவுடன் திரும்பி ஓடப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் என்னிடம் கார் பழகியவர். ஆறேழு வருடத்துக்கு முன். றிவேர்ஸில் போய் ஒரு மதிலை இடித்தவர். "உங்களுக்கு உது சரிவராது பிள்ளை, ஒரு மாட்டு வண்டில் பாருங்கோ" என்று நான் நடுவீதியில் வைத்துச் சொன்னது எனக்கே ஞாபகம் இருந்தது. அவருக்கு இருக்காதா?

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ. இஞ்ச பெல்ட் போடத் தேவையில்லை."

இருந்தேன்.

"எங்களுக்கு முதலே பழக்கம் இருக்கு. என்னோட கதைக்க உங்களுக்குக் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ, வேற ஒராளை ஒழுங்கு செய்வன். நீங்கள் இஞ்ச கதைக்கிறதை நான் வெளியிலை சொல்ல மாட்டன்."

"நீங்கள் மதிலை இடிச்சதை நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றேன். அது பொய். நகரத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அவர் சிரித்த விதத்தில் அதுவும் அவருக்குத் தெரியும் என்று விளங்கியது. ஏனோ அதற்குப் பிறகு வேறு ஆளைக் கேட்க மனம் வரவில்லை.

என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்தார். நானும் இருந்தேன். கார்த்திகை மாதத்தில் மௌனத்துக்கு ஒரு போட்டி வைத்தால் இந்தத் தீவில் என்னை வெல்ல ஆளில்லை. சுவர் மணிக்கூட்டில் பதினொரு நிமிடம் போனது. பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் தோற்றேன்.

"பயம்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"பதினேழு வருசமா ஒரு நாளைக்கு ஏழு பேர் என்னைக் கொல்லப் பாக்கினம், பிள்ளை."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு. ஆனால் சொல்லிமுடித்தபின் அது பகிடி இல்லை என்று எனக்கே தெரிந்தது. நான் போடுகிற சத்தமெல்லாம் கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் காலில் என் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவனின் பயம் அது. மழை பெய்து வீதி வழுக்கத் தொடங்கினால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. மாரியில் வெளிச்சம் குறைவது ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து என்னை அமத்திப்போட்டிருந்தன. அன்று ஒரு மணித்தியாலம் கதைத்தேன். வெளியே வந்தபோது மனைவி, "என்ன சொன்னவ?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்த கிழமைகளில் வீட்டுப்பாடம் தந்தார். மனத்தில் வருகிற நினைப்பைக் கொப்பியில் எழுதவேண்டும். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இரண்டு பக்கமும் எழுதவேண்டும். நான் முதலில் எழுதியது: 'எல்லாரும் என்னைச் சோம்பேறி என்று நினைக்கிறார்கள்.'

"ஆதாரம்?" என்றார்.

"மச்சான் சொன்னவன்."

"அவர் ஒராள். மற்ற ஆக்கள்?"

"அவன் நாலு பேர் கதைக்கிற மாதிரிக் கதைப்பான்."

"அப்பிடியெண்டாலும் நாலுதான், மாஸ்டர். 'எல்லாரும்' எண்டதை வெட்டுங்கோ."

வெட்டினேன். ஒரு சொல்லை வெட்டினால் இவ்வளவு பாரம் குறையுமா என்று ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாவது வீட்டுப்பாடம்தான் வில்லங்கமாய்ப் போனது. காலை வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். முகில் மூடியிருந்தாலும் வெளியிலிருக்கும் வெளிச்சம் வீட்டுக்குள் இருப்பதைவிடக் கூட. "மனம் வந்தபிறகு நடக்கலாம் எண்டு இருந்தால் நடக்க மாட்டியள். நடவுங்கோ, மனம் பின்னாலை வரட்டும்" என்றார். நடந்தேன். கோட்டைப் பக்கமாகப் போய்க் கடலேரியோரம் திரும்பி வருவேன். மனம் பின்னால் வந்ததோ இல்லையோ, இரண்டு கழுதைகள் வந்தன.

பதினேழு வருடமாகக் காரிலேயே பார்த்த மனிதனைத் திடீரென்று காலில் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? நாலாம் நாள் முற்றவெளியில் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "கார் எங்க மாஸ்டர்?" என்றார். "வீட்டிலை" என்றேன். "ஓமோ" என்று ஒரு மாதிரி இழுத்துவிட்டுப் போனார். அந்தக் கிழமையே, பொலிஸ் என் லைசன்ஸைப் பறித்துவிட்டதாகக் கதை உலாவியது. தலைமன்னாரில் காரைக் கடலுக்குள் விட்டதாகவும், பாலர் பாடசாலை ஆசிரியை நீந்திக் கரையேறியதாகவும் அதற்கு விளக்கம் வேறு. பழகிக்கொண்டிருந்த இரண்டு பேர் மனைவிக்கு அழைத்து, இனி வரவில்லை என்றார்கள்.

அவள் யோசிக்காமல் ஒரு வேலை செய்தாள். "அவருக்குச் சீனி வருத்தம். டொக்டர்தான் நடக்கச் சொன்னவர்" என்றாள்.

சீனி வருத்தம் மரியாதையான வருத்தம். எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு உண்டு. லைசன்ஸ் கதை இரண்டு நாளில் செத்துப்போனது. ஆனால் அதற்குப் பிறகு நான் போன வீடெல்லாம் சீனியில்லாத தேத்தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரி பாகற்காய்ச் சாறு பிழிந்து கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்றாள். இதில் கொடுமை என்னவென்றால், மூன்றாவது கிழமை அளவில் குளிசை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வாயில் ருசி திரும்பியிருந்தது. ருசி வந்த நேரத்தில் சீனி போனது.

நத்தார் அன்று பூசை முடிந்து, பேசாலையில் மச்சான் வீட்டில் எல்லோரும் கூடினோம். வெளியே மழை. பலகாரத் தட்டு கை மாறி மாறி வந்தது. கேக், அதுவும் முந்திரிகை போட்டு, ஒரு மாதம் முன்பே செய்து வைத்த கேக். என் மாமியார் அங்கே மகனோடுதான் இருக்கிறார். தட்டு என் மடிக்கு நேரே வந்ததும் அவரே எட்டி அதை அப்பால் நகர்த்தினார்.

"தம்பிக்கு வேண்டாம். அவருக்கு அவிச்ச கடலை எடுத்து வைச்சிருக்கிறன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. துணிவு, உண்மை, பாவசங்கீர்த்தனம் என்று பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேக்தான் காரணம்.

"மாமி, எனக்குச் சீனி வருத்தம் இல்லை. மனச்சோர்வு. மாரி வந்தால் வரும். ஆஸ்பத்திரியிலை குளிசை எடுக்கிறன், கவுன்சிலிங்குக்கும் போறன். அந்தத் தட்டை இஞ்ச தாங்கோ."

மச்சான் வாயில் வைத்த பலகாரத்தை மெல்லவில்லை. மனைவி யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தாள். கடைசியில் மச்சான்தான் வாய் திறந்தான்.

"அப்ப அண்டைக்கு நான் கள்ளுக் கொண்டுவந்தது?"

"அது பிழை."

"காட்ஸ்?"

"அதுகும் சரிவரேல்லை."

அவன் தட்டிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். "எனக்குத் தெரியேல்லை அத்தான்" என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு மெதுவான குரல் வந்து நான் கேட்டதில்லை. முழுத் துண்டையும் ஒரே மூச்சில் தின்றேன்.

எல்லோரும் பழையபடி கதைக்கத் தொடங்கியபின் மாமியார் என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார்.

"கிளினிக் எந்த நாள் தம்பி?"

"செவ்வாய். ஏன் மாமி?"

"எனக்கு மாரியிலை ஒண்டுமில்லை" என்றார். "சோளகம் வீசத் தொடங்கினால்தான். உங்கட மாமா மோசம் போனது அந்த மாதம். அந்தக் காத்துச் சத்தம் கேட்டால் மூண்டு மாதம் எனக்குச் சோறு இறங்காது. நான் வயசு எண்டு நினைச்சிருந்தனான்."

தை பிறந்தது. நல்ல வெயில். நான் பழையபடி கத்தினேன், பொரித்த மீன் கேட்டுச் சாப்பிட்டேன். சுகம் வந்துவிட்டதே, இனிக் குளிசை எதற்கு என்று ஒரு திங்கட்கிழமை நானாகவே நிறுத்தினேன். வியாழக்கிழமை தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை, ஒருவர் நன்றாக ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

டொக்டருக்கு அன்றைக்குக் கோபம். ஆனால் அவருடைய தமிழில் கோபத்துக்குச் சொல் இல்லை. "ஐயா, தாங்கள் செய்தது மிகவும் வருந்தத்தக்கது" என்றார். பிறகு தனக்குள் ஏதோ தேடிப்பார்த்து, "விசர் வேலை" என்றார். வாங்கிலில் இருந்து பொறுக்கிய சொல்லாக இருக்கவேண்டும். மறுபடி தொடங்கி, மெல்ல மெல்ல அளவைக் குறைத்து, சித்திரை முடியத்தான் அவர் நிறுத்த விட்டார். அடுத்த புரட்டாசியில் முகில் வருவதற்கு முன்பே வரச்சொன்னார். போனேன். அந்த மாரியிலும் எனக்கு வருத்தம் வந்தது. ஆனால் அது வரும் என்று தெரிந்திருந்தது, எப்போது போகும் என்றும் தெரிந்திருந்தது. மூன்றாவது பொத்தானோடு நிற்காமல் கடைசிப் பொத்தான்வரை போட முடிந்தது.

மாமியார் அதற்கு முன்பே, நான் குளிசை நிறுத்திய கையோடு வந்த வைகாசியில், சோளகம் எழும்பிய முதல் கிழமை என்னோடு கிளினிக்குக்கு வந்தார். நல்ல சேலை உடுத்து, செபமாலையைக் கையில் சுற்றியிருந்தார். வாங்கிலில் இருந்தவர்களிடம் தான் மனவருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்ததாகச் சத்தமாகச் சொன்னார். வங்காலைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டொக்டர் பார்த்து முடிந்து, உளவளத்துணையாளரின் அறைக்குள் போனவர் ஒன்றேகால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. உள்ளே இருந்து அவருடைய குரல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒருமுறை அழுகை, பிறகு சிரிப்பு, பிறகு மறுபடி கதை.

வெளியே வந்தபோது முகம் கழுவியதுபோல் இருந்தது.

"எப்பிடி மாமி?"

"நல்ல பிள்ளை, தம்பி" என்றார், செபமாலையைப் பைக்குள் வைத்தபடி. "பாவம், அதுக்கு வீட்டிலை கதைக்க ஆளில்லைப் போல. என்னை அடுத்த கிழமையும் வரச் சொல்லுது."